ஃபைப்ரோமயால்ஜியா: வலி குறைந்த நாளில்தான் கவனம் வேண்டும்

உடம்பெங்கும் நீடித்த வலியும் சோர்வும் தரும் நோயான ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்கு வலி கூடிய நாளில் எல்லோரும் ஓடி வருவார்கள். உண்மையில் கவனம் தேவைப்படுவது வலி குறைந்த நாளில். தேங்கிய வேலையையெல்லாம் அன்றே முடித்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பது இந்த நோயில் வாடிக்கை. கைப்பேசியில் 20 நிமிட டைமர் வையுங்கள். அடித்ததும், துணி பாதி மடித்தபடி கிடந்தாலும் சரி, 10 நிமிடம் ஓய்வு. வலித்த பிறகு நிறுத்தினால் தாமதம்.

நடையும் அப்படித்தான்: 5 நிமிடத்தில் தொடங்கி, உடம்பு தாங்கினால் வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டலாம். ‘படுத்தே இரு’ என்பது அக்கறைபோல் தோன்றும், ஆனால் அசையாத தசை இன்னும் இறுகும். இறுக்கத்துக்கு வெந்நீர்க் குளியல் இதம்.

கட்டியணைக்கும் முன் அவரிடம் கேளுங்கள். நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுவதால் தோளில் லேசாகத் தட்டுவதும், சட்டைத் தையல் உரசுவதும்கூட வலிக்கலாம். அழற்சி இதன் காரணமல்ல; அதனால் அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையான இப்யூபுரூஃபன் பெரும்பாலும் எடுபடாது, அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு தெரிந்தால் ‘வழக்கமான வலிதானே’ என்று விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.