பிஎச்ஏ, டிபிஎச்க்யூ பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஎச்ஏ, பிஎச்டி, டிபிஎச்க்யூ மூன்றும் எண்ணெயும் கொழுப்பும் காறிப்போகாமல் இருக்க உணவில் சேர்க்கும் செயற்கை ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிகள். இப்படிப்பட்ட உணவுச் சேர்க்கைகளைப் பற்றி எழுத வரும் புதியவர்களின் கட்டுரைகளைச் சரிபார்த்துத் தருகிறேன். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் திரும்பி வருகின்றன. எழுத்துப்பிழை, எண் மாறாட்டம் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளவைச் சொல்லாமல் புற்றுநோய் என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 1980களில் ஜப்பானில் பிஎச்ஏ கலந்த தீனி தின்ற எலிகளுக்கு முன்வயிற்றில் (எலி இரைப்பையின் முன்பகுதி) புற்றுநோய்க் கட்டி வந்தது உண்மை. ஆனால் அந்தத் தீனியில் பிஎச்ஏ 2 சதவீதம் இருந்தது. எலியின் எடையில் கிலோவுக்குத் தினமும் ஏறக்குறைய 1 கிராம். மனிதர் வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் வகுத்த அளவோ கிலோவுக்கு 1 மில்லிகிராம்.

சமீபத்தில் ஒரு இளைஞர் கணக்கோடு வந்தார். "எலிக்கு 2 சதவீதம், அமெரிக்க வரம்பு 0.02 சதவீதம், ஆக நூறில் ஒரு பங்கை நாம் தின்கிறோம்" என்று எழுதியிருந்தார். வெறும் மிரட்டலை விட இது மோசம், ஏனென்றால் துல்லியம் போலத் தெரிகிறது. எலியின் 2 சதவீதம் மொத்தத் தீனியில், 0.02 என்பது பண்டத்திலுள்ள கொழுப்பில் மட்டும். 60 கிலோ எடையுள்ளவர் 50 கிராம் கொழுப்பு சாப்பிட்டு, அது முழுவதிலும் உச்ச அளவு இருந்தாலும் சேர்வது 10 மில்லிகிராம். கிலோவுக்கு 0.17தான்.

சரி, அதே கணக்கை 15 கிலோ குழந்தைக்குப் போடுங்கள். 40 கிராம் கொழுப்பில் 8 மில்லிகிராம், கிலோவுக்கு 0.5ஐத் தாண்டிவிடுகிறது. உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழுவின் உச்சவரம்பே 0.5தான். நடைமுறையில் எல்லாக் கொழுப்பும் இப்படி வராது. ஆனால் கவலைப்பட இடமிருந்தால் அது பொட்டலத் தின்பண்டத்திலேயே நாளை ஓட்டும் குழந்தைகளிடம்தான். அளவில்லாத கட்டுரை பெரியவர்களை வீணாகப் பயமுறுத்திவிட்டு, அந்தக் குழந்தைகளைக் கோட்டைவிடுகிறது.

மனிதருக்கு முன்வயிறு இல்லை என்பதோடு நிறுத்துவது

மனிதருக்கு முன்வயிறு இல்லை, அதனால் எலி ஆய்வு நமக்குப் பொருந்தாது என்று முடித்துவிடுகிறார்கள். முன்வயிறு இல்லைதான். ஆனாலும் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 1991 முதல் பிஎச்ஏவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று எதிர்பார்க்க நியாயமுள்ள பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைக் காட்டும். எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று அது சொல்வதில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுவது

பிஎச்டி 2பி பிரிவில் இல்லை. டிபிஎச்க்யூவை ஜப்பான் அனுமதிப்பதில்லை.

இயற்கையானது என்றதும் கேள்வியை நிறுத்துவது

வைட்டமின் ஈயும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிதான். தினம் 400 யூனிட் மாத்திரையாக விழுங்கிய ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

தடுப்பி இல்லாவிட்டால் சுத்தம் என்று முடிப்பது

இவற்றைச் சேர்ப்பதே கொழுப்பு காறிப்போகாமல் இருக்கத்தான். காறிய எண்ணெயில் ஆல்டிஹைடுகள் உருவாகின்றன, அவையும் உடம்புக்கு ஆகாதவை. தடுப்பி சேர்க்காத எண்ணெயைப் பரிந்துரைத்தால், சின்னப் புட்டியாக வாங்கி, வெளிச்சம் படாமல் வைத்து, சீக்கிரம் தீர்க்கச் சொல்லியும் எழுதுங்கள்.