இங்கிலாந்துப் புல்வெளியில் பழைய உழவுமேட்டைக் கண்டுபிடிப்பது எப்படி

நார்தாம்ப்டன்ஷயர், லெஸ்டர்ஷயர், வாரிக்‌ஷயர் பக்கம் ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். செம்மறி மேயும் சில புல்வெளிகள் அலை அலையாக மடிந்து கிடக்கும். இடைக்கால உழவர்கள் ஆளுக்குச் சில கீற்றுகளாகப் பிரித்து வைத்திருந்த நிலத்தை உழுது உழுது எழுப்பிய மேடுகள் அவை. பிறகு மேய்ச்சலுக்கு விட்டதால் அப்படியே தங்கிவிட்டன.

உச்சிவெயிலில் போகாதீர்கள், வெறும் புல்தான் தெரியும். குளிர்காலத்துக் காலையிலோ, சூரியன் இறங்கும் நேரத்திலோ போனால் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டின் நிழலும் பக்கத்துச் சாலில் விழுந்து வயல் முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். பனி உருகும் நாள் இன்னும் நல்லது, மேட்டில் புல் தெரிந்த பிறகும் சாலில் வெள்ளை மிச்சமிருக்கும்.

அப்புறம் வளைவு. எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான். பழைய மேடு நேராகப் போகாது, இடவலம் மாறிய ஆங்கில எஸ் எழுத்துபோல் இரண்டு முனையிலும் லேசாக வளையும். எட்டு மாடு வரை பூட்டிய நீளமான ஏரைக் கடைசியில் சட்டென்று திருப்ப முடியாதே, அதனால் முனை வருவதற்கு முன்பே மாடுகளை இடப்பக்கம் ஒடித்து ஓட்டினார்கள். மேடு எழுந்ததற்குக் காரணம் கலப்பை. நம் மரக்கலப்பை மண்ணைக் கீறி இருபுறமும் தள்ளும். அவர்களுடையதில் இருந்த பலகை வலப்பக்கம் மட்டுமே மண்ணைப் புரட்டும், கீற்றை வலஞ்சுழியாகச் சுற்றி உழுததால் ஆண்டுதோறும் மண் நடுவுக்கே வந்து சேர்ந்தது.

மேட்டுக்கு மேடு நடந்து அளந்து பாருங்கள். 5 மீட்டருக்கும் குறைவாக, கயிறு பிடித்ததுபோல் நேராக இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு உழவு. அகலமாக, வளைந்து இருந்தால் பழையது. வேலியையும் கவனியுங்கள். மேடு வேலிக்கு அடியில் புகுந்து அடுத்த வயலிலும் தொடர்ந்தால், வேலியைவிட உழவு மூத்தது என்று அர்த்தம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் மூலம் பொதுவயல்களைத் தனித்தனி நிலங்களாகப் பிரித்து அடைத்தபோது போட்ட நேர்வேலிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

பொது நடைபாதையை விட்டு இறங்காதீர்கள், நீங்கள் திறந்த கேட்டைச் சாத்திவிட்டு வாருங்கள். போகும் முன் இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தரும் லைடார் படங்களை (விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசி நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்து எடுத்தவை) பார்த்துவிடுங்கள், கண்ணுக்குத் தப்பும் மேடுகூட அதில் தெரியும். டிராக்டர் உழவில் இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டது, அதனால் இருப்பதைச் சீக்கிரம் போய்ப் பாருங்கள். கீற்று விவசாயத்தை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டனுக்குப் போங்கள், அங்கே பொதுவயல்களைக் கீற்றுகளாகப் பிரித்து இன்றும் பயிர் செய்கிறார்கள்.