சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: பழைய பழக்கத்தால் நேரும் புதுத் தவறுகள்

வருஷக்கணக்காக காமிக்ஸ் சேர்ப்பவரிடம் இன்றைய அமெரிக்க சூப்பர் ஹீரோ புத்தகம் ஒன்றை நீட்டினால் முதலில் வருவது புலம்பல்தான். விலை எகிறிவிட்டது, கதை நகரவே மாட்டேன் என்கிறது, போன வருஷம்தான் 1-ம் இதழ் வந்தது, இதோ மறுபடியும் 1-ம் இதழ். புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் கரைவதற்கு முக்கியக் காரணம் நம்முடைய பழைய பழக்கங்கள். முதல் இதழை விடாதே, வரிசை அறுபடக் கூடாது, புதுக்கருக்கு மாறாமல் வை. நியூஸ்பிரிண்டில் அச்சான காலத்தில் இவை மூன்றும் நல்ல பழக்கங்கள். இன்று பதிப்பாளர்கள் இந்த மூன்றையும் கணக்குப் போட்டுத்தான் புத்தகமே போடுகிறார்கள்.

எண்ணை நம்பி வாங்குவது

மார்வெல் நிறுவனத்தின் அமேஸிங் ஸ்பைடர்-மேன் 1963-ல் தொடங்கியது. அதே பெயரில் 1999, 2014, 2015, 2018, 2022, 2025 என்று திரும்பத் திரும்ப 1-ம் இதழ் வந்திருக்கிறது. நடுவில் 2003-ல் பழைய கணக்கையும் சேர்த்து 500 என்று போட்டார்கள், 2012-ல் 700-ஐத் தொட்டார்கள். போட்டி நிறுவனமான டிசி 2011 செப்டம்பரில் 52 தலைப்புகளை ஒரே மூச்சில் 1-லிருந்து ஆரம்பித்தது. அப்போது 1 ஆன ஆக்‌ஷன் காமிக்ஸ் 2016-ல் பழைய கணக்குக்கே திரும்பி 957-க்குத் தாவி, 2018-ல் 1000 ஆனது.

1-ம் இதழ் என்றால் கடைக்காரர்கள் கூடுதலாக ஆர்டர் போடுவார்கள், புதியவர்களும் துணிந்து எடுப்பார்கள். காரணம் அவ்வளவுதான். எனவே 1 என்ற எண்ணுக்கு அரிதானது என்ற அர்த்தம் இப்போது இல்லை. ஒரு தொடரில் அதிகம் அச்சாவதே பெரும்பாலும் அதுதான்.

பட்டியல் எழுதும்போது "வால்யூம் 5, இதழ் 3" என்று குறிக்காதீர்கள். வால்யூம் கணக்கை ஆளுக்கொரு விதமாகப் போடுகிறார்கள். தலைப்பு, தொடர் தொடங்கிய வருஷம், இதழ் எண், இந்த மூன்றும் இருந்தால் குழப்பமில்லை. மார்வெல் அட்டையில் விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எல்ஜிஒய் (லெகஸி) என்று ஓர் எண் இருக்கும். தொடரின் முதல் இதழிலிருந்து ஓடும் மொத்தக் கணக்கு அது. அமேஸிங் ஸ்பைடர்-மேனுக்கு அது 1963-லிருந்து. 2018-ல் வந்த 1-ம் இதழில் 802, 2022-ல் வந்ததில் 895. அதையும் நான்காவது கட்டத்தில் எழுதி வைத்தால் ஒரே இதழை இரண்டு முறை வாங்கும் சங்கடம் வராது.

அட்டை வேட்டை

ஒரே கதைக்குப் பத்து அட்டை போடுவது இன்று சர்வ சாதாரணம். இதில் மாட்டிக்கொள்பவர்கள் பலர் பார்கோடைப் படிப்பதில்லை. பெரிய கோடுகளுக்கு வலப்பக்கம் சின்னக் கோடுகள், அதன் மேல் ஐந்து இலக்கம் இருக்கும். முதல் மூன்று இதழ் எண், நான்காவது எந்த அட்டை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு. 00111 என்றால் 1-ம் இதழ், முதல் அட்டை, முதல் அச்சு. 00121 அதே இதழின் இரண்டாவது அட்டை. 00112 என்றால் மறு அச்சு. இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் இந்த ஐந்து இலக்கம் தெரியும்படி ஒரு போட்டோ கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்தது 1:25, 1:50, 1:100 என்று விற்கும் அட்டைகள். கடைக்காரர் சாதாரண அட்டையில் 25 பிரதி எடுத்தால் அவருக்கு இந்தச் சிறப்பு அட்டை ஒன்று கிடைக்கும். விற்காமல் மிஞ்சும் சாதாரணப் பிரதிகளுக்குப் போட்ட முதலையும் சேர்த்து அந்த ஒன்றின் தலையில் ஏற்றுவார். வெளியாகும் வாரத்தில்தான் விலை உச்சத்தில் இருக்கும். அந்த விலையில் ஆர்டர் போட்டு, கப்பலோ கூரியரோ ஏறி ராயபுரத்துக்கு வந்து சேருவதற்குள் அங்கே பரபரப்பு அடுத்த அட்டைக்குப் போயிருக்கும். படம் பிடித்திருந்தால் இரண்டு மாதம் பொறுத்து வாங்கலாம். முதலீடு என்று மட்டும் வாங்க வேண்டாம்.

இந்த ஆட்டம் புதிதும் அல்ல. 1991-ல் வந்த எக்ஸ்-மென் 1-ம் இதழ் ஐந்து அட்டைகளோடு 80 லட்சம் பிரதிக்கு மேல் போனது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறக்கும் 75-வது இதழைக் கறுப்புப் பையில் போட்டு விற்றார்கள். பிரிக்காமல் வைத்தவர்கள் ஏராளம். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு விலை எங்கிருந்து ஏறும்? 1938-ன் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் கோடிகளில் போவதற்குக் காரணம், அன்று யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை என்பதுதான். 1993-க்குப் பிறகு சந்தை சரிந்து, 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது.

படம் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் அந்தப் பாத்திரம் முதலில் தோன்றிய இதழைத் தேடி ஓடுவதும் இதே வகைதான். டிரெய்லர் நாள் விற்பவர்களுக்கான நாள்.

ஈவென்ட் என்றால் எல்லாவற்றையும் வாங்குவது

பல தொடர்களின் ஹீரோக்கள் ஒரே கதையில் மோதும் பெரிய ஈவென்ட் ஒன்று வந்தால் மூலக்கதை பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு இதழுக்குள் முடிந்துவிடும். 2006-ல் தொடங்கிய சிவில் வார் மூலக்கதை 7 இதழ்தான். அதைச் சுற்றி மற்ற தொடர்களில் வந்த கிளைகள்தான் பெட்டியை அடைத்துக்கொள்கின்றன. மூலக்கதையை வாங்குங்கள். ஏற்கெனவே படிக்கும் தொடரில் கிளை வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஈவென்ட் பெயர்ப் பட்டை இருக்கிறதே என்று மற்றதை எடுக்க வேண்டாம். மூலக்கதை கிளை இல்லாமல் புரியவில்லை என்றால் அது எழுதியவர் குறை.

மாத இதழா, தொகுப்பா

"கதை நகரவில்லை" என்ற குறைக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு மாத இதழில் கதை சுமார் 20 பக்கம். ஐந்தாறு இதழைச் சேர்த்துத் தொகுப்பாகப் போடுவார்கள் என்று தெரிந்தே எழுத்தாளர் கதையைப் பிரிக்கிறார். ஒரே புத்தகத்தில் "முற்றும்" பார்த்து வளர்ந்த நமக்கு மாதம் 20 பக்கம் என்பது பந்தியில் உட்கார வைத்து ஊறுகாய் மட்டும் வைத்தது போலத்தான் இருக்கும்.

கணக்கு இது. ஓர் இதழ் 4.99 டாலர் என்றால் ஆறு இதழ் 29.94. அதே கதையின் பேப்பர்பேக் தொகுப்பு பெரும்பாலும் 20 டாலருக்குள். நம் காசில் ஓர் இதழின் அட்டை விலையே 400 ரூபாயைத் தாண்டுகிறது, கூரியர் தனி. டிசி 2024-ல் தொடங்கிய காம்பாக்ட் வரிசை 9.99 டாலர்தான். அளவு சிறியது, நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்குச் சற்று சிரமம், ஆனால் கதை முழுசாகக் கிடைக்கும். திரையில் படிக்கும் மார்வெல் அன்லிமிடெட் சந்தாவில் புதிய இதழ் மூன்று மாதம் கழித்து வரும். அதில் படித்துவிட்டு, பிடித்ததை மட்டும் தொகுப்பாக வாங்குவதுதான் இருப்பதிலேயே சிக்கனமான வழி. சந்தாவை நிறுத்தினால் புத்தகமும் போய்விடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நம் வீடுகளில் தொடர்கதையைக் கிழித்து காலிகோ பைண்டு போடும் பழக்கம் உண்டு. அமெரிக்க இதழ்களை அப்படி பைண்டு போட்டால் பின் கழன்று, மூன்று பக்கமும் வெட்டுப்பட்டு, மறுவிற்பனை விலை பூஜ்யமாகும். ஆனால் சல்லி விலைக்குப் போகும் 2010-க்குப் பிந்தைய சாதாரண இதழ்கள் கையில் இருந்து, விற்கும் எண்ணமும் இல்லை என்றால் தாராளமாகப் போடுங்கள். பலர் இதைப் பாவம் என்பார்கள், அப்படி ஒன்றும் இல்லை.

பழைய கடையில் ஏமாறுவது

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகும் சென்ட்ரலைச் சுற்றிய பழைய புத்தக வியாபாரம் ஓயவில்லை. பெரம்பூர், வண்ணாரப்பேட்டை பழைய பேப்பர் கடைகளிலும் எப்போதாவது கட்டுக்குள் காமிக்ஸ் சிக்கும். அட்டையில் ஸ்பைடர்-மேன் இருந்தால் போதாது, ரூபாய் விலை இருக்கிறதா பாருங்கள். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து கோதம் காமிக்ஸ் மார்வெல், டிசி கதைகளை இங்கேயே மறுபதிப்புப் போட்டது. படிக்க அருமை, ஆனால் அமெரிக்க மூலத்தின் விலை அதற்கில்லை. விதிவிலக்கு 2004-ல் வந்த ஸ்பைடர்-மேன் இந்தியா. அது இங்கே உருவான கதை. வேட்டி கட்டிய ஸ்பைடர்-மேன் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் எடுங்கள்.

இன்னொரு பொறி ஃபேக்சிமிலி பதிப்பு. பழைய புகழ்பெற்ற இதழைப் பழைய விளம்பரங்களோடு அப்படியே மறுபடி அச்சடிக்கிறார்கள். உள்ளே பொடி எழுத்தில் உள்ள பதிப்பு விவரத்தையும் பார்கோடையும் பார்த்தால் தெரிந்துவிடும். உறையைப் பிரித்துக் காட்டாத விற்பனையில் இதை உறுதி செய்ய முடியாது.

வட சென்னை வீட்டில் வைக்கும் முறை

பெரும்பாலான சேகரிப்புகள் பாழாவது இங்கேதான். காகிதத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலைப் பார்த்த அறையில் அது 70-க்கு மேல் நிற்பது சகஜம், உப்புக் காற்று வேறு. புத்தகத்தை நடுப்பக்கம் திறந்து பின்னைப் பாருங்கள். கம்பி மடியும் முனையில் முதலில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றும், பிறகு அது காகிதத்தில் பரவும். வெளியிலிருந்து பார்த்தால் பின் பளபளவென்றுதான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாலைந்து புத்தகத்தை இப்படித் திறந்து பார்க்க வேண்டும்.

உறை போடும் நாளை யாரும் யோசிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் போட்டு டேப் ஒட்டினால் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். மே மாதத்தில் கடல் காற்று உள்ளே வருவதற்கு முன், மேல்காற்று காய்ச்சும் முற்பகல்தான் நல்ல நேரம். இல்லாவிட்டால் ஏசி இரண்டு மணி நேரம் ஓடிய அறை.

உறை பாலிப்ரொப்பிலீனாக இருக்க வேண்டும். கையில் சரசரக்கும், வாடை இருக்காது. மெத்தென்று, புது ரெயின்கோட் வாடை அடித்தால் அது பிவிசி, வேண்டாம். இன்றைய இதழ் சுமார் ஆறரை அங்குல அகலம், பத்தேகால் அங்குல உயரம். உறை ஏழுக்குப் பத்தரை, மேலே மடிப்பு தனி. முதுகுக்கு வைக்கும் அட்டையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆண்டர்சன் தெருவில் மலிவாகக் கிடைக்கும் டூப்ளெக்ஸ் போர்டு ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல். அந்தச் சாம்பல் பழைய காகிதக் கூழ். அதில் உள்ள அமிலம் சில வருஷத்தில் பின்னட்டையை மஞ்சளாக்கிவிடும். அமிலம் நீக்கிய அட்டை என்று எழுதிக் கொடுப்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.

டேப்பை உறையின் பின்பக்கம் ஒட்டுங்கள். புத்தகத்தை வெளியே எடுக்கும்போது மடிப்பைப் பின்னால் திருப்பி அதே டேப்பால் உறை மேலேயே ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் உருவும்போது பளபள அட்டையின் மையை அது உரித்துக்கொண்டு வரும். இன்றைய கருநிற அட்டைகளில் முதுகுப் பக்கம் ஒரு மயிரிழை மடிப்பு விழுந்தாலும் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

பெட்டியில் நிறுத்தி வையுங்கள். பாதி காலியாக இருந்தால் புத்தகம் சாய்ந்து வளையும், அட்டைத் துண்டு கொடுத்து அடையுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும், வாடையும் போகாது. ராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வைக்கலாம். உள்ளே 50 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டு. நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைக்க வேண்டும், ஆனால் சமையல் பாத்திரத்தில் அல்ல.

சிஜிசி போன்ற நிறுவனங்கள் தர மதிப்பிட்டு ஒட்டித் தரும் பிளாஸ்டிக் பெட்டியும் காற்றுப்புகாதது இல்லை. அதற்கும் இதே கவனிப்பு வேண்டும். சில நூறு ரூபாய் பெறும் புது இதழுக்கு டாலரில் கட்டணமும் போக வரக் கூரியரும் கொடுத்து பத்துக்கு 9.8 மதிப்பெண் வாங்குவது வீண்.

தரைத்தளமும் கட்டிலடியும் கூடவே கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாமில் புளியந்தோப்பு, வியாசர்பாடி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். அடுக்களையை ஒட்டிய பரணும் தப்பு, புகையும் சூடும் சேரும். இடுப்புயரத்துக்கு மேல், கடலைப் பார்க்காத உள்சுவரை ஒட்டி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்க வேண்டும்.

நனைந்துவிட்டால் வெயிலில் விரிக்காதீர்கள். பழைய நியூஸ்பிரிண்ட் காய்ந்த பிறகும் பிரியும். இன்றைய வழவழப்புத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் ஒட்டி ஒரே பலகையாகிவிடும். ஈரமாக இருக்கும்போதே, சில மணி நேரத்துக்குள், உறையைக் கழற்றி, பக்கங்களுக்கிடையே பட்டர் பேப்பர் வைத்து, ஃபேனுக்கடியில் கிடத்துங்கள். பட்டர் பேப்பரை மணிக்கொரு முறை மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் அத்தனையையும் பார்க்க முடியாத அளவு நனைந்திருந்தால், மிச்சத்தைத் தனித்தனி பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நாளைக்கு நாலாக எடுத்துப் பிரிக்கலாம். கரண்ட் வராத நாட்களில் ஃப்ரீசர் உதவாது. அப்போது விலை பார்த்து வரிசைப்படுத்தி, திரும்பக் கிடைக்காததை முதலில் பிரியுங்கள்.