சிபியு சூடாகுதுன்னு உடனே கூலர் வாங்க ஓடாதீங்க

பிசில கேம் ஆடும்போது சிபியு 90 டிகிரி தாண்டுனதும் பாதி பேர் பெரிய சிபியு கூலருக்கு (சிபியு மேல மாட்டி சூட்டக் குறைக்கறது) ஆர்டர் போட்டுடுறாங்க. அதான் முதல் தப்பு. எந்த சிபியு, எந்த வேலைல அந்த நம்பர் வருதுன்னு பாக்கணும். ரைசன் 7600எக்ஸ், 7700எக்ஸ் எல்லாம் ஃபுல் லோடுல 95 வரைக்கும் போகலாம்னு ஏஎம்டியே சொல்லித்தான் வித்தாங்க, சினிபெஞ்ச் (சிபியுவ முழு லோடுல சோதிக்கற சாஃப்ட்வேர்) ஓட்டி 95 வந்தா கோளாறுன்னு அர்த்தம் இல்ல. ஆனா 7800எக்ஸ்3டிக்கு லிமிட் 89 தான். இன்டெல் 14வது ஜென் கே மாடலுக்கு 100. லிமிட்ட தொட்டதும் சிபியு தானா ஸ்பீடைக் குறைச்சுக்கும், எரிஞ்செல்லாம் போகாது.

அடுத்தது, பயோஸ் (மதர்போர்டோட அடிப்படை செட்டிங்ஸ் இருக்கற இடம்) பக்கமே போகாம இருக்கறது. 14700கே-க்கு இன்டெல் சொல்ற மேக்ஸ் பவர் 253 வாட், ஆனா நிறைய மதர்போர்டுல இத 4096 வாட்னு, அதாவது லிமிட்டே இல்லாம, வச்சே அனுப்புனாங்க. அப்புறம் எந்த கூலரப் போட்டு என்ன பண்றது? 13, 14வது ஜென் வச்சிருந்தா பயோஸ் அப்டேட் கண்டிப்பா பண்ணுங்க, 2024ல வோல்டேஜ் எகிறி சிபியு கெட்டுப்போற பிரச்சனைக்கு இன்டெல் விட்ட மைக்ரோகோட் (சிபியு உள்ள ஓடற கோடுக்கான திருத்தம்) அதுலதான் வரும், பண்ணிட்டு இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்ல வைங்க. ரைசன் எக்ஸ் மாடல்னா 65 வாட் ஈகோ மோட் (பவரக் குறைக்கற பயோஸ் செட்டிங்) போட்டுப் பாருங்க, டெம்பரேச்சர் நல்லா இறங்கும், கேம்ல வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

சிபியுக்கும் கூலருக்கும் நடுவுல பூசற தெர்மல் பேஸ்ட்ட மாத்தறேன்னு கூலர இழுக்கறவங்களுக்கு ஒண்ணு, இத யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. ஏஎம்4 (பழைய ரைசன் சிபியு மாட்டற சாக்கெட்) போர்டுல பழைய பேஸ்ட் காஞ்சு பசை மாதிரி பிடிச்சிருக்கும், கூலர நேரா மேல இழுத்தா லீவர் பூட்டியிருந்தாலும் சிபியு சாக்கெட்ட விட்டு கூடவே வந்துடும், சிபியு அடியில இருக்கற பின் வளைஞ்சா கதை முடிஞ்சுது. முதல்ல பத்து நிமிஷம் ஏதாவது கேம் ஓட்டி சூடு பண்ணுங்க, ஆஃப் பண்ணி பிளக்க புடுங்கிட்டு, ஸ்க்ரூவக் கழட்டி, கூலர இடம் வலமா மெதுவா திருகுங்க, வழுக்கி அசைய ஆரம்பிச்சதும் தூக்குங்க. பழைய பேஸ்ட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடைங்க. புதுக் கூலர்னா அடியில ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஸ்டிக்கர உரிச்சீங்களான்னு பாத்துக்கோங்க, சிரிக்காதீங்க, இன்னமும் நடக்குது!

பிசி கேஸ்ல இருக்கற ஃபேன் எல்லாத்தையும் காத்து வெளிய தள்ற மாதிரி மாட்டி, முன்னாடி கண்ணாடி பேனல் வச்ச கேஸா இருந்தா காத்து எங்கருந்து உள்ள வரும்? சைட் பேனலக் கழட்டிட்டு அதே கேம ஆடிப் பாருங்க, பத்து டிகிரி இறங்குச்சுன்னா குத்தம் கேஸோடது, கூலர் மேல இல்ல.

ரிவ்யூ வீடியோ நம்பரோட ஒப்பிட்டுப் புலம்பறதும் வேஸ்ட். அவங்க 21, 22 டிகிரி ஏசி ரூம்ல டெஸ்ட் பண்றாங்க, நம்ம ஊர் மே மாச மத்தியானத்துல ரூமே 36 இருக்கும், அந்த 14 டிகிரி அப்படியே சிபியுலயும் ஏறும்.

கடைசியா, செகண்டுக்கு 144 படம் மட்டும் காட்டற 144 ஹெர்ட்ஸ் மானிட்டர வச்சுக்கிட்டு வேலரண்ட் கேம 400 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 400 படம்) ஓட விடறது. சிபியு சும்மா கெடந்து உழைக்குது. ஒரு எஃப்பிஎஸ் கேப் போடுங்க, ரேங்க்டு (போட்டி மேட்ச்) ஆடறவங்க இன்புட் லேக்னு, அதாவது க்ளிக் பண்ணது லேட்டா தெரியுதுன்னு, சண்டைக்கு வருவாங்க, அவங்க வேணா 240ல வச்சுக்கட்டும்.