இங்கிலீஷ்ல நெகட்டிவ் வாக்கியம் போடறது எப்படி: நம்ம சேலம் உதாரணத்தோட

இங்கிலீஷ்ல வாக்கியம் நாலு வகைன்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. தகவல் சொல்றது டிக்ளரேட்டிவ், கேக்கறது இன்டராகேட்டிவ், செய் செய்யாதன்னு ஏவறது இம்பெரேட்டிவ், ஏற்காடு பகோடா பாயின்ட்ல நின்னு "வாட் எ வியூ!"ன்னு கத்தறது எக்ஸ்க்ளமேட்டரி. கடைசி வகைய நெகட்டிவ் ஆக்கற வேலை நமக்கு பெருசா வராது, விட்டுருங்க.

முதல்ல ஹெல்பிங் வெர்ப் இருக்கான்னு தேடுங்க, இஸ், வாஸ், கேன், வில் இந்த மாதிரி, இருந்தா அதுக்கு ஒட்டி பின்னாடியே நாட் போட்டா முடிஞ்சுது. "இட் இஸ் ரெய்னிங் இன் ஏற்காடு" அப்படிங்கறது "இட் இஸ் நாட் ரெய்னிங் இன் ஏற்காடு". ரெண்டு மூணு வரிசையா நின்னாலும் முதல் ஆளுக்கு பின்னாடி தான்: "த பஸ் வில் நாட் ஹேவ் லெஃப்ட்".

எதுவுமே இல்லன்னா டூ, டஸ், டிட்ட உள்ள கொண்டு வரணும். "திஸ் பஸ் ஸ்டாப்ஸ் அட் ஃபைவ் ரோட்ஸ்", இதுல ஸ்டாப்ஸ் மட்டும் தான் இருக்கு, அதனால "திஸ் பஸ் டஸ் நாட் ஸ்டாப் அட் ஃபைவ் ரோட்ஸ்". அந்த எஸ் டஸ்க்கு போயிருச்சு பாருங்க, அப்பறம் ஸ்டாப்புக்கு எதுக்கு. இதே கதை தான் "டிட் நாட் வென்ட்"டும், இன்டர்வியூல நிறைய பேர் சொல்றாங்க, இறந்த காலம் டிட்லயே வந்தாச்சுங்க, "ஹி டிட் நாட் கோ" போதும். சம் இருந்தா எனியா மாத்திக்கோங்க.

ஏவல் ரொம்ப சுலபம், முன்னாடி டோன்ட். ஏற்காடு மலை ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, வழியெல்லாம் குரங்கு, "டோன்ட் ஃபீட் த மங்கீஸ்".

நம்மாளுங்க நெஜமா மாட்டறது நெகட்டிவ் கேள்விக்கு பதில் சொல்றப்ப தான். செவ்வாப்பேட்டை வெள்ளிக்கடைக்கு வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து கொலுச பாத்துட்டு "டோன்ட் யூ ஹேவ் எ ஸ்மாலர் சைஸ்?"னு கேக்கறார்னு வைங்க, கடைக்காரர் "ஆமாங்க, இல்லைங்க"ன்னு மனசுல நெனச்சு "யெஸ் சார்"ங்கறார், வந்தவர் சின்ன சைஸ் எடுத்துட்டு வரப்போறாங்கன்னு ஸ்டூல்ல உக்காந்துருவார். சரக்கு இல்லன்னா "நோ, வீ டோன்ட்", இருந்தா "யெஸ், வீ டூ". கேள்வில நாட் இருக்கா இல்லையான்னு பாக்கவே வேண்டாம், உங்க பதில்ல நாட் வந்தா நோ, வரலைன்னா யெஸ். "யெஸ், வீ டோன்ட்"னு சொன்னா கேக்கறவருக்கு குழப்பம் தான்.

நோபடி, நெவர் ரெண்டும் ஏற்கனவே நெகட்டிவ், "நோபடி கேம்" அவ்ளோ தான், அது மேல டிட் நாட் ஏத்தாதீங்க. அப்பறம் "யூ மஸ்ட் நாட் பே"ன்னா காசு குடுக்கவே கூடாது, குடுக்க வேண்டியதில்லன்னு சொல்லணும்னா "யூ டோன்ட் ஹேவ் டு பே". ரெண்டையும் கலந்துட்டா வம்பு.

இப்ப இத மாத்தி பாருங்க: "ஷி ஹேஸ் டு கோ டு ஓமலூர்". "ஹேஸ் நாட் டு கோ"ன்னு எழுதியிருந்தா ஹேஸ்ஸ பாத்ததும் ஹெல்பிங் வெர்ப்னு ஏமாந்துட்டீங்க, இங்கயும் டஸ் தான் வரணும்: "ஷி டஸ் நாட் ஹேவ் டு கோ டு ஓமலூர்".