சைக்கிளுக்குப் பின்பக்க விளக்கு வாங்கப் போகிறீர்களா? லூமென் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

பெட்டி மேல் பெரிய எழுத்தில் 300 லூமென் என்று போட்டிருக்கும். அது எந்த மோடில், எத்தனை நேரத்துக்கு என்பதைத்தான் முதலில் தேடிப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த எண் பகல் ஃபிளாஷ் மோடில் பளிச்சென்று வெட்டும் அந்த ஒரு கணத்துக்கானது, நீங்கள் இரவில் நிலையாக எரியவிடும் மோடில் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். அதனால் தப்பில்லை, இரவுக்கு 20 முதல் 50 லூமென் தாராளம். பகலில் வெயிலோடு போட்டி போட வேண்டியிருப்பதால் 100-க்கு மேல் இருந்தால் நல்லது.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம், அது எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்த எண் சொல்லாது. குறுகலான லென்ஸ் போட்டால் நேர் பின்னால் நிற்பவருக்குக் கண் கூசும், ஆனால் சந்திப்பில் பக்கவாட்டிலிருந்து வரும் வண்டிக்காரருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. ஆகவே கடையிலேயே எரியவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நேராகவும் ஓரமாகவும் பாருங்கள். பக்கத்தில் நின்றாலும் சிவப்பு தெரிகிற விளக்கைத்தான் நான் எடுப்பேன், லூமென் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஃபிளாஷா, நிலையாக எரிவதா? பகலில் ஃபிளாஷ் சட்டென்று கவனத்தை இழுக்கும். இரவில் அது மட்டும் போதாது, ஏனென்றால் விட்டு விட்டு எரியும் ஒற்றைப் புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருபவரால் கணிக்க முடியாது. வெளிச்சம் முழுக்க அணையாமல், நிலையாக எரிந்துகொண்டே நடுநடுவே கூடிக் குறைகிற மோடு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஜெர்மனியில் சைக்கிளில் சிமிட்டும் பின் விளக்கு பொதுவாக அனுமதியே இல்லை, உங்கள் ஊர் விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பேட்டரி. தினசரி ஓட்டும் நேரத்தைப் போல இரண்டு மடங்காவது தாங்க வேண்டும், அதுவும் நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் மோடில். சார்ஜ் தீரும்போது திடீரென அணையாமல், முதலில் எச்சரித்து, மங்கலான மோடுக்கு இறங்கும் விளக்குகள் இருக்கின்றன, அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

மழைக்கு, விளக்கு எவ்வளவு நீரைத் தாங்கும் என்று சொல்லும் ஐபிஎக்ஸ் குறியீட்டைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம். பின் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர் நேராக விளக்கு மேல்தான் வரும், மட்கார்ட் இல்லாத சைக்கிள் என்றால் இரண்டாவதையே வாங்குங்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

மாட்டும்போது தரைக்கு இணையாக, நேர் பின்னோக்கி இருக்கட்டும். மேல் நோக்கிச் சாய்ந்தால் பின்னால் வரும் சைக்கிள்காரரின் கண்ணைக் கூச வைக்கும், கீழே சாய்ந்தால் வெளிச்சமெல்லாம் சாலைக்குத்தான் போகும். கேரியரில் பை தொங்கினாலோ நீளமான மழைக்கோட்டு போட்டாலோ சீட்டுக்குக் கீழே இருக்கும் விளக்கு மறைந்துவிடும், அப்படிப்பட்டவர்கள் கேரியரின் பின் விளிம்பில் மாட்டுங்கள். விளக்கு வந்துவிட்டதே என்று சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிடாதீர்கள், அதற்குச் சார்ஜ் தேவையில்லை.