பெயரை மாற்றினால் கதை நம்முடையதாகிவிடாது

கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதும் தோழி, சென்ற பனிக்காலத்தில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து தந்தார். தனக்குப் பிடித்த தொடர்கதையின் மாந்தர்களை வைத்து ஆசை ஆசையாக எழுதிய ரசிகர் புனைவு. அதைச் சொந்த நாவலாக அச்சிட விரும்பி, பழைய பெயர்களை அடித்துப் புதுப் பெயர்கள் போட்டிருந்தார். கடலோர வீடு எஸ்டேட் பங்களா ஆகியிருந்தது. ஆறாம் பக்கத்தில் நாயகி வாசற்படியில் நின்று, பாதத்தில் ஒட்டிய மணலை உதறிவிட்டு உள்ளே போகிறாள். தேயிலைத் தோட்டத்தில் ஏது கடல் மணல்?

பெயரை மாற்றினால் போதும் என்பதுதான் பெரிய தவறு. பதிப்புரிமை (காப்புரிமை என்று சொல்லாதீர்கள், அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது) கருவுக்குக் கிடையாது. அந்தக் கருவை ஒருவர் சொல்லியிருக்கும் விதத்துக்கே உண்டு. நாடகம் ஒன்றைத் திரைப்படம் நகலெடுத்ததாக எழுந்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இரண்டையும் அறிந்த வாசகருக்குப் பின்னது முன்னதன் நகல் என்று ஐயமறத் தோன்றினால் அது மீறல். காட்சிகளின் வரிசையும் உரையாடலும் அப்படியே இருக்கும்போது பெயர் மாற்றம் காப்பாற்றாது.

“பணம் வாங்கவில்லை”, “பாத்திரங்கள் என்னுடையவை அல்ல” என்று கதையின் தொடக்கத்தில் எழுதிவைக்கும் வரிகளும் கவசம் ஆகா. அனுமதி வேண்டுமென்றால் எழுத்தில் வாங்குங்கள்.

பழைய கதை என்று நம்பி இறங்குவதிலும் ஒரு குழி உண்டு. எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. கல்கி 1954இல் மறைந்தார். அவருடைய கதைமாந்தர்களை இன்று யாரும் கையாளலாம். ஆனால் அவர் கதையைப் படமாக்கியவர்கள் புதிதாகச் சேர்த்த காட்சி அவர்களுக்கே உரியது. எது மூலத்தில் இருந்தது, எது திரையில் பார்த்தது என்று பிரித்தறியாமல் எழுதத் தொடங்காதீர்கள்.

தோழியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: அந்தத் தொடர்கதையில் உங்களை உருக்கியது எது? சொல்லாமலே போன காதல் என்றார். அது யாருக்கும் சொந்தமில்லை, அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுங்கள் என்றேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

புதிய நோட்டின் முதல் பக்கத்தில் உறைபனி விழுந்த காலை. கொழுந்து கருகிக் கிடக்கிறது. எடை மேடையில் ஒருவன் பாதி நிரம்பாத சாக்கை வைக்கிறான். கணக்கெழுதும் பெண் முள்ளைப் பார்க்கிறாள், அவன் முகத்தைப் பார்க்கிறாள், பேனாவை வைத்துவிடுகிறாள்.